30 ஜிபி கட்டைவிரல்

நான் வீடியோ கேமரா வாங்கப்போவது எங்கள் வீட்டில் பழைய செய்தி. மூன்று மாதமாக வாங்கிக்கொண்டே இருக்கிறேன்.

கைக்கு அடக்கமான மலிவுக் கேமரா என்றால் அமுக்கினால் ஓடும். ஆனால் வெளிச்சம் கொஞ்சம் குறைந்தால் போதும், முகத்தில் மணலை வாரி இறைத்த மாதிரி ஆகிவிடும். பெட்டிமேல் நூற்றுக்கணக்கில் ஜூம் என்று போட்டிருப்பார்கள். பெரும்பகுதி டிஜிட்டல் ஜூம், அதாவது இருக்கிற படத்தையே இழுத்துப் பெரிதாக்குவது. அதை நானே போனில் இரண்டு விரலால் செய்துகொள்வேனே!

தொழில்முறைக் கேமரா அப்படியா? ஒலிப்பதிவுக்காரர்கள் மாட்டுகிற எக்ஸ்எல்ஆர் மைக், உள்ளேயே வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டர், 10 பிட் கலர். "8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படி, 10 பிட்டில் 1024 படி" என்று மனைவிக்கு விளக்கினேன். "உங்க சட்டை மொத்தமே மூணு கலர்தானே" என்றாள்.

சரி, பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று நேற்று பெரிய கேமராவை ஒருநாள் வாடகைக்கு எடுத்து வந்தேன். சின்னவள் சைக்கிள் ஓட்டியதைச் சுற்றிச் சுற்றி எடுத்தேன். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், தலையைப் படிய வாரிக்கொண்டு திண்ணையில் இருந்தார். எங்கோ கிளம்புகிறார்போல என்று நினைத்துக்கொண்டேன்.

இரவு எல்லோரும் லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். சைக்கிளைக் காணோம். எப்போதோ கைபட்டு ஓட ஆரம்பித்திருந்ததை, 'எடுக்கிறேன்' என்று அமுக்கி நிறுத்தியிருக்கிறேன். 'நிறுத்துகிறேன்' என்று அமுக்கி ஓடவிட்டிருக்கிறேன். கேமராவைத் தரையில் வைத்துவிட்டு நான் கையேடு படித்த 40 நிமிடம் மட்டும் பத்திரமாக இருந்தது. நொடிக்கு 100 மெகாபிட் வீதம், 30 ஜிபி என் கால் கட்டைவிரல். அதுவும் நிறத்தைப் பிறகு நாமே திருத்திக்கொள்ள வேண்டிய லாக் மோடில், சாம்பல் பூசிய நிறத்தில்.

10 பிட் கோப்பு என்றால் எங்கள் கிழட்டு லேப்டாப்புக்கு மூச்சு வாங்கும். படம் அப்படியே நின்றுவிட்டது. சத்தம் நிற்கவில்லை. அந்த மைக்கை என்னவென்று சொல்ல, அடுத்த அறையில் பேசியதுகூடக் கணீரென்று கேட்டது.

"இல்லக்கா, வாடகைக்குத்தான். இவர் வாங்கறதுக்குள்ள சின்னவளுக்கே கல்யாணம் ஆயிடும்."

மனைவி சட்டென்று தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். அதற்குள் பதிவில் அப்பாவின் குரல், மெதுவாக:

"ஏம்மா, என்னை எடுத்தானா?"

"எடுத்திருப்பார் மாமா."

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் என் கட்டைவிரல்.