கர்சர் தாவுகிறது: ஆடி மாதக் குறிப்புகள்

2025 ஜூலை 22, செவ்வாய்

ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆனால் ஆவணிக் கல்யாணங்களுக்குப் பத்திரிகை அடிப்பது ஆடியில்தான். கும்பகோணத்தில் வீட்டிலிருந்தபடியே அச்சகத்துக்கு டிசைன் செய்து கொடுக்கிற எனக்கு இதுதான் சீசன்.

இன்று மாலை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ஒரு பத்திரிகையின் முகூர்த்த வரியைப் பிடித்து நகர்த்திக்கொண்டிருந்தேன். கர்சர் சட்டென்று இடது மூலைக்குத் தாவியது. ‘காலை 7.30 மணிக்கு மேல் 9.00 மணிக்குள்’ என்ற வரி பிள்ளையார் சுழிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. கன்ட்ரோல் இசட் அழுத்தி மீட்டேன். அரை மணி நேரத்தில் இன்னும் நான்கு முறை அப்படியே ஆனது. ஒரு முறை நான் தொடாமலே கிளிக்கும் விழுந்தது. யாரோ ஒரு குடும்பத்தின் நல்ல நேரம் அந்த வரியில் இருக்கிறது. இடம் மாறினால்கூடக் கண்ணில் பட்டுவிடும், ஓர் எழுத்து அழிந்துபோனால் தெரியாமலே அச்சுக்குப் போய்விடும். அதுதான் பயமாக இருக்கிறது.

மெஷின் ஒரு பழைய லேப்டாப், அலுமினிய உடம்பு. அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் 22, சின்னமன் பதிப்பு. வயர்லெஸ் மவுஸ், அதன் சிக்னலை வாங்க யுஎஸ்பி போர்ட்டில் செருகும் சின்ன டாங்கிள்.

2025 ஜூலை 23, புதன்

முதலில் எளிதானவை. மவுஸைக் கவிழ்த்து லென்ஸ் குழியைப் பார்த்தேன். நீளமாக ஒரு முடி குறுக்கே கிடந்தது, ஊதி எடுத்தேன். அடியில் இருக்கும் சென்சார் விநாடிக்கு ஆயிரக்கணக்கில் படம் எடுத்து, ஒவ்வொன்றையும் முந்தையதோடு ஒப்பிட்டுத்தான் நகர்வைக் கணக்கிடுகிறது. பளபளப்பான ஆர்ட் கார்டின் மேல் மவுஸை ஓட்டுவது என் வழக்கம், அதையும் நிறுத்திவிட்டு வெள்ளைத்தாள் விரித்தேன். புது பேட்டரி போட்டேன். பலன் இல்லை.

அதே மவுஸைப் பையனின் கம்ப்யூட்டரில் போட்டால் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது.

அப்புறம் மின்ட்டின் லைவ் பென்டிரைவிலிருந்து, அதாவது ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் பென்டிரைவிலேயே ஓடும் புது மின்ட்டில், லேப்டாப்பைத் தொடங்கிப் பார்த்தேன். அங்கேயும் கர்சர் தாவியது. இது முக்கியமான சேதி. என் செட்டிங்ஸையும் நான் நிறுவிய மென்பொருளையும் இனிச் சந்தேகப்பட வேண்டாம். யுஎஸ்பியைத் தூங்கவைக்கும் மின்சேமிப்பையும் டாங்கிளுக்கு மட்டும் நிறுத்திப் பார்த்தேன், மாற்றமில்லை. தூக்கம்தான் காரணம் என்றால், மவுஸைச் சும்மா விட்டுவிட்டுத் தொடும்போது முதல் அசைவு மட்டும் விழாது. இங்கே நடப்பது அது இல்லை.

2025 ஜூலை 25, வெள்ளி

இன்று உட்கார்ந்து கவனித்ததில் ஒன்று தெரிந்தது. கோளாறு ஒன்றில்லை, இரண்டு. சில நேரம் கர்சர் திக்குகிறது: நின்று, இழுத்து, நகர்கிறது. சில நேரம் தாவுகிறது: இங்கிருந்து அங்கே ஒரே பாய்ச்சல். மூன்று நாளாக இரண்டையும் ஒன்றாகவே பேசிக்கொண்டிருந்தேன்.

திக்கல் பிடிபட்டுவிட்டது. வேலைகளை வெளி ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுக்கும்போது மட்டும் திக்குகிறது. ஹார்டு டிஸ்க் யுஎஸ்பி 3.0, அதற்கு ஒட்டின போர்ட்டில் டாங்கிள். யுஎஸ்பி 3.0 விநாடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் ஓடும்போது கேபிளிலிருந்தும் கனெக்டரிலிருந்தும் ரேடியோ இரைச்சல் கசிகிறது. அது 2.4 கிகாஹெர்ட்ஸிலும் விழுகிறது. மவுஸ் டாங்கிள் பேசுவதும் அதே அலைவரிசையில். இன்டெல் 2012-லேயே இதைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கை வெளியிட்டது. சந்தைக்கூட்டத்தில் காதோடு காதாகப் பேசுகிற மாதிரிதான் மவுஸின் நிலைமை.

ஒரு முழ நீளத்துக்கு எக்ஸ்டென்ஷன் கேபிள் மாட்டி, டாங்கிளை மவுஸுக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்தேன். 40 ஜிபி காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே மவுஸ் சரளமாக நகர்ந்தது. திக்கல் தீர்ந்தது. தாவல் அப்படியே இருக்கிறது.

2025 ஜூலை 26, சனி

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கே கரண்ட் போய்விட்டது. பேட்டரியிலேயே ஓட்டினேன், வெளிச்சத்தைக் குறைத்து வைத்ததால் மூன்று மணி நேரம் தாங்கியது. இரண்டு பத்திரிகை முடித்தேன். ஒரு முறைகூடக் கர்சர் தாவவில்லை. முடி எடுத்ததோ, டாங்கிள் நகர்ந்ததோ, எதுவோ சரிசெய்துவிட்டது என்று நிம்மதியாக மூடிவைத்தேன்.

மாலை நாலே முக்காலுக்குக் கரண்ட் வந்தது. சார்ஜர் போட்டு உட்கார்ந்த பத்தாவது நிமிடம், பெண்ணின் அப்பா பெயர் மண்டபத்தின் முகவரிக்குக் கீழே இறங்கிவிட்டது.

2025 ஜூலை 28, திங்கள்

இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். கர்சர் நகர்கிறது என்றால் எந்தக் கருவி அதை நகர்த்தியது என்று சிஸ்டத்திடமே கேட்கலாம். லிப்இன்புட் டூல்ஸ் என்ற தொகுப்பை நிறுவினேன். டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னலில், ‘லிப்இன்புட் லிஸ்ட்-டிவைசஸ்’ என்று கொடுத்தால் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இவென்ட் எண் காட்டுகிறது. என்னுடையதில் டச்பேடுக்கு 7, மவுஸுக்கு 12. அப்புறம் ‘சூடோ லிப்இன்புட் டீபக்-இவென்ட்ஸ்’ கொடுத்துவிட்டு மவுஸை ஆட்டினேன். டெர்மினலில் இவென்ட் 12, பாயின்டர் மோஷன் (கர்சர் நகர்வு) என்று வரிவரியாக ஓடியது. கையை எடுத்தேன், நின்றது.

இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஆறேழு நிமிடம் டெர்மினல் அசையவில்லை. மவுஸைப் பிடிக்கப்போகிற மாதிரி இடது மணிக்கட்டை லேப்டாப் ஓரத்தில் வைத்தேன். உடனே ஏழெட்டு வரிகள் சரசரவென்று விழுந்தன. எல்லாமே இவென்ட் 7. நடுவே ஒரு பட்டன் வரி, அழுத்தியதும் விட்டதும். திரையில் கர்சர் மூலையில் நின்றது.

டச்பேட்! விரல் எதுவும் அதன்மேல் இல்லை. ஒரு வாரமாக மவுஸையே பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன், பாவம் அது ஒன்றும் செய்யவில்லை. ‘எக்ஸ்இன்புட் டிசேபிள்’ கொடுத்து டச்பேடை முடக்கினேன். இரவு பதினொன்று வரை வேலை செய்தேன், தாவலே இல்லை.

சரி, இதோடு விட்டுவிடலாம். ஆனால் சனிக்கிழமை டச்பேட் இயங்கிக்கொண்டுதானே இருந்தது, ஏன் தாவவில்லை? அன்று இல்லாதது சார்ஜர் ஒன்றுதான். சார்ஜரைக் கழற்றி, டச்பேடைத் திரும்ப இயக்கி, மணிக்கட்டை அதே இடத்தில் வைத்தேன். ஒரு வரிகூட வரவில்லை. சார்ஜரை மாட்டினேன், வந்தது.

பையன் வந்து எட்டிப் பார்த்தவன் லேப்டாப் ஓரத்தைத் தடவிவிட்டு, “அம்மா, கரண்ட் இருக்கும்போது இது எப்பவுமே சுருக்கு சுருக்குனு இருக்கும், உனக்குத் தெரியாதா?” என்றான். டெஸ்டரை மூடியின் திருகில் வைத்தேன். மங்கலாக எரிந்தது.

2025 ஜூலை 30, புதன்

எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். கம்ப்யூட்டர் கதை எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. பாடியில் டெஸ்டர் எரிகிறது என்றதுமே, “எர்த் இருக்காம்மா இந்த ரூம்ல?” என்றார். மீட்டர் வைத்துப் பார்த்தார். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 228 வோல்ட். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. லேப்டாப் உடம்பில் 104.

சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினார். முன்னால் மூன்று ஓட்டை, பின்னால் இரண்டே ஒயர். மேல் ஓட்டையின் பித்தளைத் திருகில் ஒயர் பட்ட தடமே இல்லை, புதிது போல மின்னியது. இந்த அறை பிற்பாடு சேர்த்துக் கட்டியது, ஒயர் இழுத்தவர்கள் எர்த்தை விட்டுவிட்டார்கள்.

சார்ஜருக்குள்ளே மெயின் லைன் பக்கத்துக்கும் லேப்டாப் பக்கத்துக்கும் நடுவே ஒரு சின்ன கெப்பாசிட்டர் (மின்தேக்கி) உண்டு. சார்ஜர் எழுப்பும் மின் இரைச்சலை அடக்குவதற்காக வைப்பது. மிகச் சிறிய மின்னோட்டம் அதன் வழியே கசியும், மூன்றாவது பின் வழியாக அது மண்ணுக்குப் போய்விட வேண்டும். போக வழியில்லாதபோது லேப்டாப் உடம்பு 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதியில் மிதக்கிறது. ஆளைத் தூக்கியடிக்கும் அளவுக்கு இல்லை, கையில் சுருக்கென்று தெரியும். டச்பேடோ விரல் நெருங்கும்போது ஏற்படும் நுண்ணிய கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்குத்திறன்) மாற்றத்தை வைத்து விரலை அறிகிற கருவி. அடித்தளமே ஆடும்போது, என் மணிக்கட்டு பட்ட மாத்திரத்தில், இல்லாத விரலை இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் பாவம் வந்த சேதியை அப்படியே நம்பிக் கர்சரை நகர்த்தியிருக்கிறது.

“நியூட்ரலையே எர்த் திருகில் முடிச்சுப் போட்டுடலாமா?” என்று வீட்டுக்கார அம்மா கேட்டார், எங்கோ அப்படிச் செய்து பார்த்திருக்கிறாராம். அண்ணன் முகம் மாறிவிட்டது. நியூட்ரல் எங்காவது அறுந்தால் முழு 230-ம் நேராகப் பாடியில் வந்து நிற்கும், பிள்ளைகள் இருக்கிற வீடு என்று சொல்லிவிட்டு, மீட்டர் போர்டிலிருந்து பச்சை ஒயர் இழுக்க எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்.

2025 ஆகஸ்ட் 1, வெள்ளி

பச்சை ஒயர் வந்துவிட்டது. இழுத்த பிறகும் பாடியில் 30 வோல்ட் காட்டியது. கொல்லையில் எர்த் குழி எங்கே என்று தேடினோம். துளசி மாடத்துக்குப் பின்னால் சருகு மூடிக் கிடந்தது, மண் வெடித்துக் காய்ந்திருந்தது. காய்ந்த மண் மின்சாரத்தைச் சரியாக வாங்கிக்கொள்ளாது. நான்கு குடம் தண்ணீர் ஊற்றினோம், குடிக்கக் குடிக்க உள்ளே இழுத்தது. கால் மணி நேரம் கழித்து மீட்டரில் 2 வோல்ட்.

டெஸ்டர் எரியவில்லை. பையன் தடவிப் பார்த்து, “வழவழன்னு இருக்கு” என்றான்.

2025 ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காவிரிக்குப் போய்விட்டு வந்து, சித்ரான்னம் சாப்பிட்டுவிட்டு, டீபக்-இவென்ட்ஸை ஒரு பக்கம் ஓடவிட்டு வேலையில் உட்கார்ந்தேன். சார்ஜர் மாட்டியிருக்கிறது, டச்பேட் இயங்குகிறது, மணிக்கட்டு அதே ஓரத்தில். மூன்று மணி நேரம். இவென்ட் 12 மட்டும்தான் பேசியது.

முகூர்த்த வரி அதன் இடத்தில் இருக்கிறது. அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். வாரம் ஒரு குடம் எர்த் குழிக்கு ஊற்றும் பொறுப்பைப் பையன் ஏற்றுக்கொண்டிருக்கிறான்.