கடற்கரை மணலில் வலைக்கூடாரம்: கட்டியதும் கழற்றியதும்

அமெரிக்காவின் நெவாடாவில், ப்ளாக் ராக் பாலைவனத்தில் 1990 முதல் பர்னிங் மேன் என்ற கலைவிழா நடக்கிறது. அங்கே தரை வறண்ட ஏரிப்படுகை, இறுகிய களிமண். இரும்புக் கம்பியை அடித்து இறக்கினாலே பிடித்துக்கொள்ளும். குமரி மாவட்டத்தில் எங்கள் சொத்தவிளைக் கடற்கரை மணலில் அதே முளையைக் கையாலேயே பிடுங்கிவிடலாம். அதனால் மணலில் வேலை அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நாங்கள் கட்டிய வலைக்கூடாரம் 12 அடி உயரம், 16 அடி விட்டம், 8 சவுக்குக் கம்புகள். உள்ளே சுற்றி நடக்கலாம், 4 அடி அகலத்தில் இரண்டு வாசல். கம்பு மணலில் இறங்காமலிருக்க ஒவ்வொரு காலுக்கும் கீழே பலகைத் துண்டு. ஒரு கம்புக்கு ஒரு இழுகயிறு. கயிற்றின் மறுமுனையில், மணல் நிரப்பிய சிமெண்ட் சாக்கு 3 அடி ஆழத்தில், கயிற்றுக்குக் குறுக்காகப் படுத்திருக்கும். குழியிலிருந்து கயிறு வெளிவரும் வழியையும் சரிவாகவே வெட்டுங்கள். செங்குத்தாக ஏறி மேலே வளைந்தால், இழுவையில் கயிறு மணலை அறுத்துக்கொண்டு தளர்ந்துவிடும். குழி கம்பிலிருந்து 12 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். நெருங்கினால் சாக்கு மேலே கிளம்பும். மூடிய பிறகு தண்ணீர் ஊற்றி மிதியுங்கள். நைலான் கயிறு இழுபட்டு நீளும், காலையும் மாலையும் முறுக்க வேண்டும்.

சுவருக்குத் தார்பாய் கட்டவே கட்டாதீர்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் காற்றில் 10க்கு 10 அடி தார்பாய் சுமார் 70 கிலோ தள்ளும். 80 ஆனால் நான்கு மடங்கு. கழித்துப்போட்ட கரமடி வலைதான் (கரையிலிருந்து இழுக்கும் மீன்வலை) சரி, காற்று ஊடுருவிப் போகும். ஈயக்குண்டுகளை அறுத்தெடுத்து, நல்ல தண்ணீரில் அலசி இரண்டு நாள் காயப்போடுங்கள், இல்லையென்றால் நாய்கள் கூடிவிடும். இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம். நைலான் உருகும், உள்ளே மெழுகுதிரியும் சூட்டும் (ஓலைப் பந்தம்) கூடாது. ஆனி, ஆடியில் இந்த வேலையே வேண்டாம். தை, மாசிதான் காலம்.

விளக்கு 12 வோல்ட் எல்இடி பட்டை, 5 மீட்டர் சுருள் இரண்டு, மீட்டருக்கு 14.4 வாட். மொத்தம் 144 வாட், 12 ஆம்பியர். 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) இன்வெர்ட்டர் பேட்டரியில் பாதியை மட்டும் எடுத்தால் 6 மணி நேரம் எரியும். பேட்டரியை 10 மீட்டர் தள்ளி வைத்து 2.5 சதுர மி.மீ. ஒயரில் இழுத்தால் வழியிலேயே 2 வோல்ட் அளவுக்குப் போய்விடும், கடைசி விளக்குகள் மங்கும். பேட்டரி பக்கத்தில் இருக்கட்டும். பட்டையின் இரு முனைகளிலும் மின்சாரம் கொடுங்கள். இணைப்புகளில் வாஸ்லின் தடவாவிட்டால் உப்புக்காற்று செம்பைப் பச்சையாக்கிவிடும்.

இடத்தைத் தேர்வதற்கு முன்பே ஊர்க்கமிட்டியைக் கேளுங்கள். வள்ளம் ஏற்றும் வழியை அடைத்தால் மறுநாள் விடியற்காலையில் தொழில் கெடும்.

கழற்றும்போது தொல்லை, கட்டப் பயன்படும் பிளாஸ்டிக் பட்டையான கேபிள் டையின் வெட்டுத் துண்டுகள்தான். மணலோடு மணலாகிவிடும். கட்டட வேலைச் சல்லடையால் சுற்றிலும் சலித்தால்தான் கிடைக்கும். முடிந்த இடத்திலெல்லாம் கயிறாலேயே கட்டுங்கள், தென்னங்கயிறு நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கிறது. புதைத்த சாக்குகளையும் மறக்காமல் தோண்டி, மணலை அங்கேயே கொட்டிவிட்டு எண்ணுங்கள்: 8 புதைத்தால் 8 வெளியே வர வேண்டும்.