உடைந்ததா, உடைத்தோமா?

விசிட்டிங் கார்டில் மக்கள் தொடர்பு என்று இருக்கும். ஆபீஸில் பி.ஆர். என்பார்கள். வீட்டில் கேட்டால் "பேப்பருக்கு ஏதோ எழுதிக் கொடுக்கிற வேலை" என்பார்கள். ரொம்ப நாள் வரைக்கும் இந்த மூன்றில் வீட்டில் சொன்னதுதான் உண்மைக்குக் கிட்டத்தில் இருந்தது. மேலே யாரோ ஒரு முடிவெடுப்பார்கள், எல்லாம் முடிந்த பிறகு அது எங்கள் மேஜைக்கு வரும், நாங்கள் அதற்குத் தலை வாரி, சட்டை மாட்டி, வெளியே அனுப்பி வைப்போம். கிரியேட்டிவிட்டி என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டதும் அந்தத் தலை வாருகிற வேலையைத்தான்.

அந்த வேலைக்குத் தமிழ் ரொம்பவே தோதான மொழி. கண்ணாடியை உடைத்துவிட்டேன் என்றால் உடைத்த ஆள் நான். கண்ணாடி உடைந்துவிட்டது என்றால் ஆளே இல்லை, கண்ணாடிக்கே ஏதோ தோன்றி உடைந்துகொண்டது போல ஆகிவிடும். ஒரே ஒரு ‘த்’ போய் ‘ந்’ வர வேண்டும், அவ்வளவுதான். கைதவறி எதையாவது உடைத்த எந்தக் குழந்தைக்கும் இந்த இலக்கணம் யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரியும். எங்களுக்கு அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு காலை. நாங்கள் வேலை பார்த்துக் கொடுத்த ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், முந்தைய இரவு சில ஆயிரம் வாடிக்கையாளர்களின் கணக்கிலிருந்து ஒரே கட்டணத்தை இரண்டு முறை எடுத்துவிட்டது. எங்கள் டீமில் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகாத ஒரு பெண் ஆறரை மணிக்கே ஒரு டிராஃப்ட் அனுப்பியிருந்தாள். மொத்தம் மூன்று வரி. "நேற்று இரவு உங்களில் சிலரிடம் இரண்டு முறை பணம் எடுத்துவிட்டோம். தவறு எங்களுடையது. வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் கணக்குக்குப் பணம் திரும்பிவிடும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை."

அந்த மெயிலில் பதினோரு பேர் இருந்தோம். லீகலில் இருந்து ‘தவறு’ வேண்டாம் என்றார்கள். ஐ.டி.காரர்கள் ‘எடுத்துவிட்டோம்’ என்பது தொழில்நுட்ப ரீதியாகச் சரியில்லை என்றார்கள். யாரோ ‘உங்களில் சிலர்’ என்பது மரியாதையாக இல்லை என்று ‘மதிப்புக்குரிய வாடிக்கையாளர்கள்’ ஆக்கினார்கள். வெள்ளிக்கிழமை என்று தேதி சொல்லி மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று இன்னொருவர் ‘விரைவில்’ போட்டார். மதியம் ஒன்பதாவது வெர்ஷன் இப்படி வெளியே போனது: "தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களால், எமது மதிப்புக்குரிய வாடிக்கையாளர்கள் சிலரது பரிவர்த்தனைகளில் முரண்பாடுகள் நேர்ந்துள்ளமை எமது கவனத்துக்கு வந்துள்ளது. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்."

அந்த ‘நேர்ந்துள்ளமை’ நான் போட்டது. நல்ல வார்த்தை கிடைத்துவிட்டது என்று அன்றைக்கு எனக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட.

அரை மணி நேரத்தில் ஸ்கிரீன்ஷாட் சுற்ற ஆரம்பித்தது. மேலே எங்கள் அறிவிப்பு, கீழே யாரோ எழுதிய ஒரே வரி: "என் பணத்துக்குக் கால் முளைச்சு அதுவா நடந்து போயிடுச்சாம்." பிறகு தெரிந்தது, போனில் பேசுகிற கஸ்டமர் கேர் பிள்ளைகள் காலையிலிருந்தே தங்கள் பாட்டுக்கு "ஆமாங்க, ரெண்டு தடவை எடுத்துட்டோம், வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துடும்" என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்கள், பெரும்பாலான அழைப்புகள் சண்டையில்லாமல் முடிந்திருந்தன. எங்கள் அறிவிப்பு வந்த பிறகுதான் சண்டை தொடங்கியது. பதினோரு பேர் எட்டு மணி நேரம் உட்கார்ந்து, இருந்ததைக் கெடுத்து வைத்தோம்.

இந்தத் தொழிலின் ஆரம்பம் இப்படி இல்லை என்பதுதான் வேடிக்கை. 1906 அக்டோபர் 28 அன்று அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி பக்கம் ஒரு பாலத்திலிருந்து ரயில் தண்ணீருக்குள் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விபத்து என்றால் முடிந்தவரை மூடி மறைப்பதுதான் அன்றைய ரயில் கம்பெனிகளின் வழக்கம். பென்சில்வேனியா ரயில்ரோடு கம்பெனிக்கு வேலை பார்த்த ஐவி லீ தலைகீழாகச் செய்தார், என்ன நடந்தது என்று எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார், நிருபர்களை அந்த இடத்துக்கே அழைத்துப் போகவும் ஏற்பாடு செய்தார். இன்றைக்குப் பிரஸ் ரிலீஸ் என்கிறோமே, அதன் முதல் வடிவம் என்று பலரும் இதைத்தான் சொல்வார்கள். நாங்கள் செய்வதை ஒளிவுமறைவில்லாமல் செய்வோம் என்று கொள்கை அறிக்கை ஒன்றையும் அதே வருடம் வெளியிட்டார்.

சரி, அவர் என்ன மகாத்மாவா என்றால் அதுவும் இல்லை. 1914இல் கொலராடோவில் லட்லோ என்ற இடத்தில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை ஒடுக்கியபோது பெண்களும் குழந்தைகளும் செத்துப்போனார்கள். அங்கே சுரங்க முதலாளிகளான ராக்ஃபெல்லர் தரப்புக்காக அவர் வெளியிட்ட துண்டறிக்கைகளில் பொய்த் தகவல்கள் இருந்தன. எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் அவருக்கு விஷக்கொடி என்று பட்டப்பெயர் வைத்தார், ஐவி என்பதே ஒரு கொடியின் பெயர்தானே. ஆக, உடைத்தோம் என்று சொல்லச் சொன்ன மனிதரே எட்டு வருடத்தில் உடைந்துவிட்டது பக்கம் போய்விட்டார். எங்கள் தொழிலில் இது ஒரு நாளைக்கு இரண்டு முறை நடக்கிற பயணம்.

அப்போதைக்கும் இப்போதைக்கும் என்ன வித்தியாசம் என்றால் நேரம்தான். முன்பெல்லாம் நிருபர் போன் செய்வார், மாலை ஆறு மணி டெட்லைன் என்பார், அதற்குள் ஒரு வாசகம் தயார் செய்தால் மறுநாள் காலை வரை நிம்மதி. இப்போது வாசகம் எழுதுவதற்கு முன்பே வீடியோ வந்துவிடுகிறது. 2017 ஏப்ரலில் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்தில் ஒரு பயணியைச் சீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போன காட்சியை உலகமே போனில் பார்த்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த நிறுவனத் தலைவரின் முதல் அறிக்கை, பயணிகளுக்கு ‘மாற்று ஏற்பாடு’ செய்ய வேண்டியிருந்ததற்காக வருந்துவதாகச் சொன்னது. ரத்தம் வழிகிற முகத்தைப் பார்த்தவனிடம் மாற்று ஏற்பாடு என்றால் என்ன ஆகும்? ஒழுங்கான மன்னிப்பு வர இரண்டு நாள் ஆயிற்று. இதற்கு முந்தைய மாதம்தான் அதே தலைவரை எங்கள் துறைப் பத்திரிகையான பி.ஆர்.வீக், அந்த ஆண்டின் சிறந்த கம்யூனிகேட்டர் என்று தேர்ந்தெடுத்திருந்தது. அந்தப் பத்திரிகையைப் படிக்கிற எங்களுக்கெல்லாம் அன்றைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபோது எங்களில் பாதிப் பேர் இனி வேலை போச்சு என்றார்கள், மீதிப் பேர் இதெல்லாம் மனித மூளைக்கு ஈடாகுமா என்றார்கள். நான் என்ன செய்தேன் என்றால், பழைய இரட்டைக் கட்டணக் கதையைச் சொல்லி ஒரு அறிவிப்பு எழுதச் சொன்னேன். பத்து வினாடியில் வந்தது. "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக ஏற்பட்ட சிரமத்துக்கு ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்." அப்படியே எங்கள் ஒன்பதாவது வெர்ஷன். ஒரு கணம் கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது. பாவம், அது யாரிடமிருந்து கற்றுக்கொண்டிருக்கும்? என்னை மாதிரி ஆட்கள் வருடக்கணக்கில் எழுதித் தள்ளியதிலிருந்துதானே.

அதனால் தலை வாருகிற வேலை போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம், எனக்கு அதில் பெரிய துக்கம் இல்லை. மிச்சம் என்ன என்பதுதான் கேள்வி. இந்த இடத்தில் வழக்கமாக யாராவது ஒரு பெரிய அறையைப் பிடித்து, வெள்ளைப் பலகை வைத்து, பத்துப் பேரைக் கூட்டி, பிரெய்ன்ஸ்டார்மிங் செய்யலாம் என்பார்கள். இதைப் பிரபலமாக்கிய அலெக்ஸ் ஆஸ்போர்ன் ஒரு விளம்பரக் கம்பெனிக்காரர். ஆனால் 1958இலேயே யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள், நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து யோசித்ததைவிட, நான்கு பேரைத் தனித்தனியாக யோசிக்க விட்டுப் பிறகு சேர்த்தபோதுதான் அதிக யோசனைகள், நல்ல யோசனைகளும், கிடைத்தன. ஒருத்தர் பேசும்போது மற்றவர் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும், அதற்குள் வந்த யோசனை மறந்துபோகும், மேனேஜர் வேறு எதிரில் உட்கார்ந்திருப்பார். அந்த ஆறரை மணி டிராஃப்டை அந்தப் பெண் தனியாக, பாதித் தூக்கத்தில் எழுதியிருந்தாள்.

நான் இப்போது செய்கிற ஒரு காரியம் உண்டு. முடிவெடுப்பதற்கு முன்பே அறிவிப்பை எழுதிவிடுவது. அமேசானில் ஒரு புதுச் சேவையை உருவாக்கத் தொடங்கும் முன்பே அதற்கான செய்திக்குறிப்பை எழுதிப் பார்க்கும் வழக்கம் உண்டு, அது பலருக்குத் தெரியும். நான் அதைக் கெட்ட செய்திக்குச் செய்கிறேன், அதுவும் ‘த்’ போட்டு.

போன வருடம் ஒரு கிளையன்ட், வாடிக்கையாளர்கள் போன் செய்து பேசுகிற வசதியையே எடுத்துவிட்டு எல்லாவற்றையும் சாட்டுக்கு மாற்றப் போவதாகச் சொன்னார்கள். ஸ்லைடில் ‘ஒருங்கிணைந்த டிஜிட்டல் அனுபவம்’ என்று தலைப்பு. மீட்டிங் முடிகிற நேரத்தில், முதல் டிராஃப்ட் ஒன்று இருக்கிறது, வாசிக்கட்டுமா என்று கேட்டேன். வாசித்தேன். "அடுத்த மாதம் 1ஆம் தேதியிலிருந்து நீங்கள் எங்களுக்குப் போன் செய்ய முடியாது. பணம் தொலைந்தாலும், கணக்கு முடங்கினாலும், டைப் செய்து அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். செலவு குறையும் என்பதால் இப்படி முடிவு செய்தோம்."

யாரும் பேசவில்லை. ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஃபைனான்ஸ் அம்மா ஒருவர்தான் சிரித்தார். "இத படிச்சா நானே கணக்கை மூடிட்டுப் போயிடுவேனே" என்றார். இதை இன்னும் கொஞ்சம் பாசிட்டிவாக எழுத முடியாதா என்று ஒருவர் கேட்டார். எழுத முடியும் சார், அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு, ஆனால் படிக்கிறவர்கள் அதை இப்படித்தான் மொழிபெயர்த்துக்கொள்வார்கள் என்றேன். இரண்டு வாரம் இழுத்தார்கள். கடைசியில் பணம் சம்பந்தப்பட்ட புகார்களுக்கு மட்டுமாவது போன் இருக்கட்டும் என்று முடிவானது. முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த வேலையில் நான் செய்த கிரியேட்டிவான காரியம் எது என்று கேட்டால், வாங்கிய இரண்டு அவார்டையும் விட்டுவிட்டு அந்த மூன்று வரியைத்தான் சொல்வேன்.

சிக்கல் என்னவென்றால் வராத செய்திக்குக் கிளிப்பிங் கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பேப்பரில் வந்த துண்டுச் செய்தியை ஸ்கேல் வைத்து அளப்போம், அதே இடத்தில் விளம்பரம் போட்டிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டு, செய்தி என்பதால் நம்பகம் அதிகம் என்று சொல்லி அதை மூன்றால் பெருக்கி, கிளையன்டுக்கு அனுப்புவோம். ஏன் மூன்று, ஏன் நாலரை இல்லை என்று யாரும் கேட்டதில்லை. 2010இல் பார்சிலோனாவில் கூடிய துறைக்காரர்கள், விளம்பர மதிப்பை வைத்து மக்கள் தொடர்பை அளக்காதீர்கள் என்று அறிவித்தே விட்டார்கள். அறிவித்து இத்தனை வருடம் ஆகியும் அந்த மதிப்புக் கட்டம் எங்கள் எக்செல் ஷீட்டில் இன்னும் அப்படியே இருக்கிறது, கிளையன்ட் கேட்கிறார் என்பதற்காக.

அந்த மாத ரிப்போர்ட்டை நிரப்பும்போது ரொம்ப நேரம் யோசித்தேன். கவரேஜ் இல்லை, ரீச் இல்லை, மதிப்பு என்ற கட்டத்தில் போட எதுவும் இல்லை. கடைசியில் ‘இதர பணிகள்’ என்ற வரிக்குப் போய், ‘ஒரு மீட்டிங், 40 நிமிடம்’ என்று எழுதி அனுப்பினேன்.