முதல் நாளிலிருந்து எண்ணுகிறேன்

ஜனவரி 6

காலையில் மாதவிடாய் தொடங்கியது. புது நோட்டில் இன்றைய தேதிக்குப் பக்கத்தில் 1 என்று எழுதினேன். போன வாரம் மருத்துவர், "கடைசி மாதவிடாய் எந்தத் தேதியில் வந்தது?" என்று கேட்டபோது விரல் விட்டு எண்ணியும் என்னால் சொல்ல முடியவில்லை. ரத்தம் காணும் முதல் நாள்தான் சுழற்சியின் முதல் நாள் என்றார். நான் இத்தனை வருடமும் நின்ற நாளிலிருந்தே கணக்கு வைத்திருந்தேன்.

ஜனவரி 7

ஈரத்துணியைப் பிழிவதுபோல் அடிவயிற்றில் வலி. தொடை வரை இறங்குகிறது. கருப்பையின் உட்சுவர் உதிரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து, கருப்பைத் தசையைச் சுருங்க வைக்கிறது. அது குடலையும் சும்மா விடுவதில்லை. முதல் இரண்டு நாட்களில் வயிறு இளகிப்போவது அதனால்தான். இதைப் பள்ளியிலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

ஜனவரி 10

ஏறக்குறைய நின்றுவிட்டது. இரண்டு நாள் முதல் ஏழு நாள் வரை போவது இயல்பு. மொத்த ரத்தம் பெரும்பாலும் 30, 40 மில்லிலிட்டர்தான். 80ஐத் தாண்டினால் அதிகம். யாரும் அளந்து பார்ப்பதில்லை, அதனால் வேறு அடையாளத்தைக் குறித்து வைக்கிறேன்: மணிக்கொரு நாப்கின் முழுக்க நனைந்து, அது சில மணி நேரம் தொடர்ந்தால் காத்திருக்கக் கூடாது.

ஜனவரி 17

மூன்று நாளாகக் காய்ச்சல். நாள் எண்ணை மட்டும் எழுதுகிறேன்: 12.

ஜனவரி 25

20ஆம் நாள். வலப்பக்க அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு வலி, ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. வெள்ளைப்படுதல் கண்ணாடிபோலத் தெளிந்து, இரு விரல்களுக்கு நடுவே அறுபடாமல் நீள்கிறது. கருமுட்டை வெளிப்படும் காலத்தின் அடையாளங்கள் இவை. 14ஆம் நாளில் நடக்கும் என்றுதானே படித்தோம்?

ஜனவரி 29

படுக்கையை விட்டு எழுமுன் தினமும் வெப்பநிலை பார்க்கிறேன். காய்ச்சல் விட்ட பிறகு 36.4 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருந்தது, மூன்று நாளாக 36.7இல் நிற்கிறது. முட்டை வெளிவந்த பின் சுரக்கும் புரோஜெஸ்ட்டிரோன் என்ற ஹார்மோன் உடம்பைச் சற்றே சூடாக்குகிறது.

பிப்ரவரி 4

மார்பு கனத்து வலிக்கிறது. தூக்கம் இல்லை. தங்கை தொலைபேசியில், "வலி தாங்க முடியவில்லை அக்கா, இன்றும் வேலைக்குப் போகவில்லை" என்றாள். "எல்லாருக்கும் வருவதுதானே!" என்று சீறிவிட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 8

மீண்டும் 1. சுழற்சி 33 நாட்கள். பெரியவர்களுக்கு 21 முதல் 35 வரை இயல்பு என்பதால் பயமில்லை. ஆனால் ஜனவரி 25இலிருந்து எண்ணிப் பார்த்தேன், சரியாக 14 நாட்கள். முட்டை வெளிவந்த பிறகான பாதி பெரும்பாலும் இரண்டு வாரத்தை ஒட்டியே இருக்கும். நீள்வதும் குறுகுவதும் முன்பாதிதான். ஆக, தாமதம் இந்த வாரம் நேர்ந்தது அல்ல. நடுவில் வந்த காய்ச்சல் முட்டையைத் தள்ளிப்போட்டிருக்கலாம். மாதவிடாய் வராத ஒவ்வொரு நாளும் கவலைப்பட்ட பழைய மாதங்களை நினைத்தால் மனசு வலிக்கிறது.

மருத்துவர் சொன்னபடி, வலி முற்றும்வரை காத்திராமல் ஆரம்பத்திலேயே மெஃபனமிக் அமில மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொண்டேன். புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதையே அது குறைக்கிறது. மதியம் நிமிர்ந்து உட்கார முடிந்தது.

பிப்ரவரி 10

மார்பின் கனமும் எரிச்சலும் விலகிவிட்டன. ரத்தம் தொடங்கிய சில நாட்களில் இப்படி விலகினால் அது மாதவிடாய்க்கு முந்தைய தொந்தரவு. நான் சொன்ன சொல் மட்டும் விலகவில்லை. தங்கையை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். பிறகு அவள் வலியைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டேன். மாத்திரைக்கு அடங்குவதில்லை, வாந்தி வருகிறது, மாதவிடாய் இல்லாத நாட்களிலும் இடுப்புக்குள் வலி, மலம் கழிக்கும்போதும் வலி. கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் இப்படியும் தென்படும். அதுதானா என்பதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். கூடவே போகிறேன். அவள் சொல்லச் சொல்ல, நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவளுடைய தேதிகளை எழுதிக்கொண்டேன்.