மூத்தவர் என்பதற்கு என்ன அளவுகோல்?

ஜூலை 4, வெள்ளி

பெரிய நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. மூத்த மென்பொருள் பொறியாளர் பணி. முதலில் இணையவழித் தேர்வு. தேறினால் நேரில் வரச் சொல்வார்கள். அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

தேர்வு நன்றாகப் போனது. ஒரு கேள்வி பைனரி சர்ச்: வரிசைப்படுத்திய பட்டியலை நடுவில் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் முறை. இரு முனைகளையும் கூட்டி இரண்டால் வகுத்து நடுவைக் கண்டுபிடிப்பதுதான் எல்லாருக்கும் பழக்கம். ஆனால் கணினி 32 பிட் இடத்தில் வைக்கும் எண்ணில் அந்தக் கூட்டுத்தொகை 2,147,483,647-ஐத் தாண்டினால் குறை எண்ணாகிவிடும். ஜாவா என்ற நிரல் மொழியின் சொந்த நூலகத்திலேயே இந்தப் பிழை பல ஆண்டுகள் ஒளிந்திருந்ததை 2006-இல் மென்பொருள் பொறியாளர் ஜோஷுவா பிளாக் எழுதினார். வித்தியாசத்தைப் பாதியாக்கி, அதைக் கீழ்முனையோடு கூட்டினால் போதும். அப்படித்தான் எழுதினேன்.

ஜூலை 12, சனி

மாடி வீட்டுத் தம்பி கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிறான். நேர்காணல் ஒத்திகைக்கு அவனையே கேள்வி கேட்பவராக உட்கார வைத்தேன். “அக்கா, ஒன்றை வடிவமைக்கச் சொன்னால் உடனே படம் வரையாதீர்கள். எத்தனை பேர் பயன்படுத்துவார்கள், எது தவறினால் நஷ்டம் என்று முதலில் கேளுங்கள்” என்றான். சரியான பேச்சு. நான் பார்க்கும் வேலையும் அதுதான்.

எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைத் தண்டையார்பேட்டைக்காரர்கள் அனைவரும் அறிவார்கள். அவை பெட்டிகளை அடுக்கி வைக்கும் யார்டின் வாசலைக் கடக்கும்போது பதிவாகும் மென்பொருளைப் பராமரிப்பவள் நான். ஒவ்வொரு பெட்டிக்கும் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம்; ஐஎஸ்ஓ 6346 என்ற சர்வதேச விதி. காவலர் ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டினால் பெரும்பாலும் அந்தக் கடைசி இலக்கமே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் சரியான எண்ணே இரண்டு முறை வந்து சேர்ந்தால் அந்த இலக்கத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

ஜூலை 16, புதன்

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, கிண்டியில் இறங்கி, பஸ் பிடித்துப் பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போனேன். காலையில் நிரல் எழுதும் சுற்றுகள். புதிர்கள்தான், முடித்தேன்.

மதியம் சிஸ்டம் டிசைன், அதாவது ஒரு முழு மென்பொருள் அமைப்பை வடிவமைக்கும் சுற்று. பணம் செலுத்தும் சேவையை வடிவமைக்கச் சொன்னார்கள். “பணம் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்தால்? வாடிக்கையாளர் மறுபடி அழுத்துவாரே?” என்று கேட்டேன். நேர்காணல் செய்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாசலில் இணைப்பு அறுந்து, காவலர் மீண்டும் அழுத்த, ஒரே லாரிக்கு இரண்டு அனுமதிச் சீட்டு வந்த கதையைச் சொன்னேன். அங்கே செய்ததுதான் இங்கும்: ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண், அதே எண் திரும்ப வந்தால் வேலையை மறுபடி செய்யாமல் பழைய பதிலையே தருவது.

பிறகு பேச்சு, பல சர்வர்கள் சேர்ந்து இயங்கும் அமைப்புகளைப் பற்றிய சிஏபி தேற்றத்துக்குப் போனது. கணினி அறிவியலாளர் எரிக் புரூவர் 2000-இல் முன்வைத்தது, 2002-இல் நிரூபித்தார்கள். சர்வர்களுக்கிடையே தொடர்பு அறுந்தால், பிழையற்ற பதில் வேண்டுமா, எப்படியாவது ஒரு பதில் வேண்டுமா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பணமென்றால் நிறுத்திவிடுவேன். யார்டு வாசலென்றால் நிறுத்த மாட்டேன். லாரி வரிசை சாலையை அடைத்துவிடும். உள்ளே விட்டுப் பிறகு கணக்கைச் சரிபார்ப்பேன். இதைச் சொன்னபோது எனக்கே உற்சாகம் தாங்கவில்லை. புத்தகத்தில் படித்தவரும் இதைச் சொல்லலாம். எந்த வாசலை மூடலாம், எதை மூடக்கூடாது என்பதை மட்டும் அந்த வாசலில் நின்றுதான் கற்க வேண்டும்.

ஜூலை 22, செவ்வாய்

மனிதவளப் பிரிவிலிருந்து தொலைபேசி. தேர்வாகிவிட்டேன், ஆனால் மூத்த பொறியாளராக அல்ல, ஒரு படி கீழே. புதிர்ச் சுற்றில் வேகம் போதவில்லையாம். வடிவமைப்புச் சுற்று மிகச் சிறப்பு என்றும் அதே மூச்சில் சொன்னார்கள். கோபம் வந்தது. நள்ளிரவில் வாசல் முடங்கும்போது எவ்வளவு வேகமாகப் புதிர் போடுவேன் என்றா யாரும் கேட்கப்போகிறார்கள்?

அம்மா, “சம்பளம் கூடுகிறது இல்லையா, சேர்ந்துவிடம்மா” என்கிறாள். தம்பி வேண்டாம் என்கிறான்.

ஜூலை 23, புதன்

பதில் அனுப்பிவிட்டேன். விண்ணப்பித்த பணிக்கே என்னை எடுத்துக்கொள்ளுங்கள், சந்தேகமிருந்தால் இன்னொரு வடிவமைப்புச் சுற்று வையுங்கள், எந்த நாளும் வருகிறேன் என்று எழுதினேன். கீழ்ப்படியில் சேரச் சம்மதமில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.