புது ரிசீவரா, இருப்பதே போதுமா?

எங்கள் ஹாலில் இருப்பது டெனான் ஏவிஆர்-எக்ஸ்1600எச், 2019 மாடல் ஹோம் தியேட்டர் ரிசீவர். டிவி, ப்ளேயர் சத்தத்தையெல்லாம் வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர், பாஸுக்கு ஒரு சப்வூஃபர், முன்சுவரில் உயரத்தில் இரண்டு அட்மாஸ் ஸ்பீக்கர் (மேலிருந்து வருகிற சத்தத்துக்கு). ரிசீவரிலுள்ள ஏழு ஆம்ப்பும் (ஆம்ப்ளிஃபையர்) அந்த ஐந்துக்கும் இரண்டுக்குமே சரியாகிவிட்டது. அதே டெனானின் பெரிய மாடலான எக்ஸ்3800எச்-க்கு மாறலாமா என்று கொஞ்ச நாளாக மனசு அரித்தது. லட்சத்துக்கு மேல் போகிற சமாச்சாரம், அதனால் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன்.

கடையில் முதலில் சொல்வது வாட்ஸைத்தான். இது 80, அது 105. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் டெசிபலில் போட்டுப் பார்த்தால் 1.2கூட வரவில்லை. சக்தி இரட்டிப்பானால்தானே 3 டெசிபலே கூடும்! ரிமோட்டில் வால்யூமை இரண்டு மூன்று தட்டு தட்டினால் கிடைக்கிற வித்தியாசம் இது.

அடுத்து எச்டிஎம்ஐ 2.1, படமும் சத்தமும் போகிற கேபிள் இணைப்பின் புதிய வகை. படம் பார்க்க என்னுடையதிலுள்ள 2.0 தாராளம், நொடிக்கு 24 ஃபிரேம் 4கே படத்துக்கு அதன் 18 ஜிபிபிஎஸ் வேகம் மிச்சம்தான். 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 ஃபிரேம், கேட்பது பையனின் பிஎஸ்5 கேம் கன்சோல் மட்டும். அதை நேராக டிவியில் செருகியிருக்கிறோம், சத்தம் இஆர்க் (டிவியிலிருந்து சத்தத்தை எச்டிஎம்ஐ கேபிளிலேயே திருப்பி அனுப்பும் வசதி) வழியாக ரிசீவருக்கு வந்துவிடுகிறது. அட்மாஸும் சேர்ந்தே வருகிறது.

ஒன்பது ஆம்ப் இருந்தால் மேலே நான்கு ஸ்பீக்கர் போடலாம். வாடகை வீடு. சீலிங்கில் துளை போடக்கூடாது என்று ஓனர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

உண்மையிலேயே ஆசை காட்டியது புது மாடலில் உள்ள ஆடிஸி எக்ஸ்டி32. மைக் வைத்து அறையை அளந்து, அதற்கேற்பச் சத்தத்தைத் திருத்துகிற மென்பொருள்தான் ஆடிஸி. என்னுடையது வெறும் எக்ஸ்டி. பாஸ் சரிசெய்வதில் எக்ஸ்டி32 ஒரு படி மேல், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு பக்கம் கண்ணாடிக் கதவு, எதிரே பூஜை அலமாரி என்றிருக்கிற ஹாலில் அதுவும் எவ்வளவுதான் செய்யும்? நண்பர் ஒருவர் மராண்ட்ஸ் ஏவி 10 ப்ராசஸர், தனி பவர் ஆம்ப் என்று போய்விட்டார். அவருக்குத் தனி அறை, சுவரெல்லாம் சத்தத்தை அடக்கும் பேனல். அங்கே அந்தச் செலவுக்கு அர்த்தம் இருக்கிறது.

சரி, இருப்பதையே ஒழுங்காக அளந்து பார்ப்போம் என்று ஒரு ஞாயிறு மதியம் ஃபேனை அணைத்து, மைக்கை ட்ரைபாடில் காது உயரத்துக்கு நிறுத்தி, ஆடிஸி கேட்கிற எட்டு இடத்திலும் வைத்து அளந்தேன். முன் ஸ்பீக்கர்களை ஆடிஸி வழக்கம்போல 'லார்ஜ்' என்று போட்டது. அதை 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்தேன்; அதற்குக் கீழான பாஸ் சப்வூஃபருக்குப் போய்விடும். சென்டர் ஸ்பீக்கரை அலமாரி விளிம்புவரை முன்னே இழுத்து, அடியில் ரப்பர் வைத்துக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்தேன். வசனம் தெளிவாகி, அம்மா சப்டைட்டில் கேட்பதை நிறுத்திவிட்டார்.

ஆக, ரிசீவர் மாற்றவில்லை. இதிலேயே இரண்டு சப்வூஃபர் அவுட் இருக்கிறது, இரண்டாவது இன்னும் காலி. சோபாவுக்குப் பின்னால் இடமும் இருக்கிறது. வீட்டில்தான் இன்னும் பேச்சை எடுக்கவில்லை.