லிங்க் வேகத்தை ஒழுங்காகக் காட்டினால் என்ன?

நெட்வொர்க் அமைப்பைக் காட்டும் கருவி எதுவானாலும், இப்போது எந்த வேகத்தில் ஓடுகிறது, எந்த மீடியாவில் (செம்புக் கம்பியா, ஃபைபரா) ஓடுகிறது என்பது முதல் வரியிலேயே தெரிய வேண்டும். லினக்ஸில் 'ஐபி லிங்க்' கட்டளை இதைச் சொல்வதே இல்லை, ஈத்டூல் என்ற இன்னொரு கருவியைத் தனியாக ஓட்ட வேண்டும். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் ஐஎஃப்கான்ஃபிக் கட்டளை பரவாயில்லை. ஆட்டோசெலக்ட் (வேகத்தைத் தானே தேர்ந்தெடு) என்று போட்டு, பக்கத்திலேயே 1000பேஸ்டி (செம்புக் கம்பியில் 1000 மெகாபிட்), ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு திசையிலும்) என்று கேட்டதையும் கிடைத்ததையும் ஒரே வரியில் காட்டிவிடும்.

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், கடலூர் முதுநகரில் துறைமுகத்தை ஒட்டிய கடைகளில் உப்புக் காற்று நெட்வொர்க் கேபிளின் ஆர்ஜே45 பிளக் பின்களைச் சும்மா விடுவதில்லை. கிகாபிட்டுக்கு (1000 மெகாபிட்) கேபிளின் நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும், அதனால் மற்ற இரண்டில் ஒன்று களிம்பேறிக் கெட்டுப்போனால் பல கார்டுகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். திரையில் 'இணைப்பு உள்ளது' என்று மட்டும் இருந்தால் கடைக்காரர் என்ன செய்வார்? இன்டர்நெட் கம்பெனியைத்தான் திட்டுவார். 'ஓடுவது 100, இரு முனையும் 1000க்குத் தயார்' என்று காட்டினால் பிளக்கை மாற்றிவிட்டு வேலையைப் பார்க்கலாம். இந்தத் தகவல் ஈத்டூலில் இருக்கிறது, ஆனால் நீளப் பட்டியலுக்குள் நாம்தான் தேடிக் கோர்க்க வேண்டும்.

அப்புறம், வேகம் தெரியாதபோது லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் -1 என்று தரும். அதை அப்படியே 'மைனஸ் 1 மெகாபிட்' என்று போடுவது அநியாயம், 'தெரியவில்லை' என்று எழுதினால் குறைந்தா போய்விடும்? மென்பொருளிலேயே உருவாக்கப்படும் வீஈத் இடைமுகம் 10000 என்று பீற்றிக்கொள்ளும், அங்கே கம்பியே கிடையாது. அதற்குப் பக்கத்தில் 'விர்ச்சுவல்' என்று ஒரு சொல் போடுங்கள், சரியாகிவிடும்.